நாகமுத்துவின் நாக்கும் நீச்சல்குளத்து உப்பும்

பழவேற்காட்டு உப்புநீர் ஏரியில் வலை வீசி வளர்ந்த நாகமுத்து, கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலை ஒன்றின் விருந்தினர் மாளிகையில் நீச்சல்குளம் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். அது உப்புத் தண்ணீர்க் குளம். கரைத்த உப்பிலிருந்தே ஒரு மெஷின் குளோரின் எடுத்துத் தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்.

அன்று காலை, உப்புக் குறைவு என்று மெஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. நாகமுத்து குளத்துத் தண்ணீரை ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். அவர் நாக்குக்கு அது வெறும் கிணற்றுத் தண்ணீர்.

"பின்ன எரியாம இன்னா பண்ணும்?" என்று ஒரு மூட்டை உப்பைக் கொட்டினார். விளக்கு அணையவில்லை. இன்னொரு மூட்டை. அப்போதும் சிவப்புதான். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஷெட்டில் இருந்த மூட்டைகள் அத்தனையும் குளத்துக்குள் போயின.

மத்தியானம் சோறு கொண்டுவந்த மனைவி எல்லம்மா, "அந்த மெஷினக் கயட்டித்தான் பாரேன்யா" என்றாள். முறைத்துக்கொண்டே கழற்றினார். வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதுபோல, போர் தண்ணீரின் சுண்ணாம்பு உள்ளே இருந்த தகடுகளில் வெள்ளையாக அப்பிக்கிடந்தது. மெஷினுக்கு உப்பே தெரியாமல் போனது அதனால்தான்.

தண்ணீர் கலந்த ஆசிடில் ஊறவைத்ததும் தகடுகள் பளிச்சென்று ஆயின. மாட்டி, சுவிட்சைப் போட்டார். சிவப்பு அணைந்தது.

"பாத்தியாமே!" என்று மீசையை முறுக்குவதற்குள் மறுபடி சிவப்பு. இந்த முறை உப்பு அதிகமாம்.

எல்லம்மா குளத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"நம்ம ஏரி மாதிரியே கீதுய்யா. எறா உட்டா வளரும்."