வந்துட்டேன்டா

ஒரு காதில் குளிர்ந்த இயர்போன், மறுகாதில் ஒஸ்லோவின் ரொம்மன் ரயில் நிலையத்துக் காற்று; அப்படித்தான் எனக்கு ஸ்பானிய ராப் அறிமுகமானது. மற்ற இயர்போன் மரிசோலின் காதில் இருக்கும். அவள் என் வகுப்புக்காரி, சிலியிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் மகள். பாட்டு ஓட ஓட நோர்வீஜிய மொழியில் பொருள் சொல்லுவாள்: வாயை மூடச் சொல்கிறார்கள், மூடமாட்டேன் என்கிறான், என் தெருவின் கதையை நான்தான் சொல்வேன் என்கிறான். ‘வாய் காட்டாதை’ என்பதே பெரிய சட்டமாயிருந்த ஈழத்தமிழ் வீட்டில் வளர்ந்த எனக்கு மயிர்க்கூச்செறியும்.

மரிசோல் தானும் எழுதினாள், சொல்லின் கடைசி ‘ஸ்’ஸை விழுங்கும் தன் வீட்டுப் பேச்சிலேயே. ஸ்பெயின்காரரைப் போலத் திருத்தமாகப் பேசு என்று அவளுடைய மாமா அதட்டியதையும் பாட்டில் போட்டு, ‘ஸ்ஸை விழுங்குவேன், சொன்ன சொல்லை விழுங்கமாட்டேன்’ என்று முடித்திருந்தாள்.

‘கிளுப்’ என்று நாங்கள் அழைத்த இளைஞர் கூடத்தில் ஒரு நிகழ்ச்சி வந்தபோது, நீயும் உன் மொழியில் பாடு என்றாள். ‘இஞ்சை’, ‘ஓம்’, ‘வாறன்’ எல்லாம் அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் சோறு கேட்கிற பேச்சு, இதைக் கேட்டு எவன் பயப்படுவான் என்று நினைத்தேன். படங்களில் கதாநாயகர்கள் பேசும் இந்தியத் தமிழில் எழுதினேன். ‘வந்துட்டேன்டா, வழிய விடுடா’ என்று மேடையில் கையை வீசிக் கத்தியதும் கூடம் அதிர்ந்தது. யாருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை, வேலை முடிந்து நேரே வந்து கடைசி வரிசையில் இருந்த அம்மாவைத் தவிர. அம்மாவும் கைதட்டினார்.

அடுத்த சனிக்கிழமை மரிசோல் எங்கள் வீட்டுக்கு வந்தாள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, அம்மாவுக்கு அவர் மொழியிலேயே மரியாதை செய்கிற நினைப்பில், நெஞ்சில் கைவைத்து, “வந்துட்டேன்டா” என்றாள்.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, “அது படத்திலை சொல்லுறது, பிள்ளை. எங்கட வீட்டிலை ‘வந்திட்டன்’ எண்டுதான் சொல்லுறது,” என்றார்.

அதை மொழிபெயர்க்க வேண்டியவள் நான். வேறு வழியில்லாமல் சொன்னேன். அப்படியென்றால் நீ யாருடைய வாயால் பாடினாய் என்று மரிசோல் கேட்டாள். ஏளனமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது பிடித்திருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வெட்கத்தில் என் காது சுட்டது. எல்லாம் தெரிந்துகொண்டே அம்மா கைதட்டினாரே என்பதை நினைக்க இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்தக் ‘கிளுப்’ இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. அலுவலகத்தில் தமிழ்நாட்டுக்காரருடன் பேசிப் பேசி, வீட்டிலும் நான் ‘வந்துட்டேன்’ என்றுதான் சொல்கிறேன். துரொண்ட்ஹெய்மில் குடியிருக்கும் மரிசோல் ஒஸ்லோ வரும்போதெல்லாம் என் வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அம்மா சொல்லிக்கொடுத்தபடியே, “வந்திட்டன்” என்கிறாள்.

போன முறை என் மகள் என்னிடம் கேட்டாள், அது ஸ்பானிய மொழியா என்று.