சிங்கராயர் கட்டும் பெத்லகேம்

புதுக் காரைச் சுற்றிவந்து பருத்தி நாடாவால் நீளம் அளந்துகொண்டிருந்தார் சிங்கராயர். கார் அவருடையதல்ல. எரிந்துபோன பம்புசெட் மோட்டாரை அதில் ஏற்றிக்கொண்டு வந்த இளையபெருமாளின் மருமகனுடையது. நாடா சக்கரத்தைத் தாண்டி முன்கண்ணாடியில் ஏறியதும் மருமகனுக்குப் பொறுக்கவில்லை.

"என்னங்க, விலைக்குக் கேக்கறீங்களா? இது குடுக்கறதுக்கு இல்லீங்க."

"எனக்கெதுக்குங்க காரு? டிசம்பர்ல குடில்ல வைக்கணும். பின்பக்கம் டிக்கி எப்படித் தொறக்குதுன்னு மட்டும் காட்டிடுங்க, போதும்."

மருமகன் மாமனாரைப் பார்த்தார். "காட்டுங்க மாப்ள. அப்பதான் மோட்டாரத் தொடுவாரு" என்றார் இளையபெருமாள். அவருக்கு அனுபவம் உண்டு. போன வருஷம் சிங்கராயர் அவருடைய டிராக்டரை அளந்திருக்கிறார்.

திருக்காட்டுப்பள்ளியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார் சிங்கராயர். காதில் பென்சில், சட்டைப் பையில் டெஸ்டர், கைலியில் வார்னிஷ் கறை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் பேண்ட் போடுவார். அன்றைக்கு அவரைப் பார்த்தால் யாரோ வரன் பார்க்க வந்தவர் மாதிரி இருக்கும். செம்புக் கம்பியைச் சுற்றும்போது சுற்றுக் கணக்கை 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லியே எண்ணுவார். பாதியில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, ஜெபத்தை முடித்த பிறகுதான் வாயைத் திறப்பார். "அவரு கட்டுனது லேசுல எரியாது, மந்திரிச்ச மோட்டாரு" என்று சுற்றுவட்டார விவசாயிகள் சொல்வார்கள். கோயில் தர்மகர்த்தாவே தன் வயல் மோட்டாரை அங்கேதான் கொடுக்கிறார்.

கிறிஸ்துமஸுக்குக் குடில் கட்டுவது எங்கள் ஊர் கத்தோலிக்க வீடுகளில் எல்லாம் உண்டு. வைக்கோல் கூரை, தட்டில் முளைவிட்ட கேழ்வரகு, சூசையப்பர், மாதா, இரண்டு மாடு, நாலு ஆடு, நடுவில் குழந்தை இயேசு. முடிந்தது வேலை. சிங்கராயர் வீட்டில் அது முடியாது. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு நகரமே எழும்பும். அதற்கு இடம் விட்டுக்கொடுத்து அவர்கள் வீட்டு சோபா டிசம்பர் முழுக்க எதிர்வீட்டில், அதாவது என் வீட்டில், குடியிருக்கும். என் பூனைக்கு வருஷத்தில் அதுதான் நல்ல மாதம்.

அந்த நகரத்தில் விமான நிலையம் உண்டு. துணிக்கடைகளில் இருக்கிறதே, தானாக ஏறும் படிக்கட்டு, அதில் இடையர்கள் ஆட்டுக்குட்டியோடு ஏறி வருவார்கள். மூன்று ராஜாக்களும் வந்து இறங்குவது காரில். ஒட்டகங்கள் கார் நிறுத்துமிடத்தில் சும்மா நிற்கும். மலைச்சாரலில் பஞ்சுப் பனி, அதில் ஒரு சுற்றுலா பங்களா. தொழுவத்துக்குப் பக்கத்திலேயே அடுக்குமாடி ஓட்டல் ஒன்று.

ஒரு வருஷம் பங்குச் சாமியார் குடில் பார்க்க வந்தார். வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, "விடுதியில இடமில்லன்னுதானே சிங்கராயர், அவரு தொழுவத்துல பொறந்தாரு? நீங்க இம்மாம் பெரிய ஓட்டலக் கட்டி வச்சிருக்கீங்களே" என்று கேட்டார்.

"குனிஞ்சு பாருங்க ஃபாதர். வாசல்ல 'ரூம் காலி இல்லை'ன்னு போர்டு மாட்டியிருக்கேன்."

சாமியார் குனிந்து பார்த்தார். மாட்டியிருந்தது. அந்த வருஷக் குடில் போட்டியில் சிங்கராயருக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஆனால் சாமியார் அந்தப் போர்டைப் படம் பிடித்துக்கொண்டு போனதை நானே பார்த்தேன்.

இதெல்லாம் விளையாட்டு இல்லை, ஒரு ஏற்பாடு என்று எனக்குப் புரியக் கொஞ்சநாள் ஆயிற்று. அந்த வருஷம் தனக்கு எதன்மேல் ஆசை வந்ததோ, அதை அளந்து, தெர்மோகோலில் செய்து, குழந்தை இயேசுவுக்கு முன்னால் வைத்துவிடுவார். வைத்த அன்றோடு அந்த ஆசை தீர்ந்தது. "ஆசைங்கறது வாடகைக்கு வர்றவன் மாதிரி சார். உள்ள விட்டோம்னா காலி பண்ண மாட்டான். அவனுக்கு வேற எடம் பாத்துக் குடுத்துடணும்" என்பார். சொன்னபடியே நடந்தும் கொள்வார். புல்லட்டுக்கு ஏங்கிய வருஷம் குடிலில் புல்லட் வைத்தார். அடுத்த மாதமே அவருடைய மச்சான் தன் புல்லட்டைச் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொன்னார். "வேணாம்ப்பா, அதான் குடுத்தாச்சே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பார்கள். அந்த மருந்தைத் தெர்மோகோலில் செய்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. சில நாள் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

அவர் மனைவி அமலோற்பவத்துக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு வருத்தம் உண்டு. இரண்டு கதவு வைத்த பிரிட்ஜ் மேல் ஆசைப்பட்டது அவர். அதைக் குடிலில் வைத்ததோ சிங்கராயர். இன்றுவரை அது வீட்டுக்கு வரவில்லை. "எனக்கு என்ன வேணும்னு கார்த்திகை பொறந்துட்டா நான் வாயத் தொறக்கறதில்லீங்க. கேட்டா கொண்டுபோய் மாட்டுக்கு முன்னாடி வச்சிடுவாரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவரவர் ஆசையை அவரவர்தான் வைக்கலாம் என்று வீட்டில் சட்டம் வந்தது. வேலையில் மாறுதல் கிடைக்கவேண்டும் என்ற என் ஆசையை ஒரு மூலையில் வைக்கச் சொல்லி நானும் கேட்டுப் பார்த்தேன். சட்டத்தைச் சொல்லி சிங்கராயர் மறுத்துவிட்டார்.

மோட்சத்தில் என்னதான் இருக்கும் என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "கரண்டு போகாது" என்றார். பிறகு, "துருப் பிடிக்காது சார். இங்க எல்லாம் துருப் பிடிக்கும். நான் பொழைக்கிறதே துருவுலதான், எனக்குத் தெரியாதா?" என்றார்.

எல்லா ஆசையையும் குடிலில் வைத்தவர் ஒன்றை மட்டும் வைக்கவில்லை. அது கல்யாண மண்டபம். ஒரே மகள் ஜெசிந்தா பிறந்ததிலிருந்து அவர் மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறார். யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனாலும் தாலி கட்டும்போது அவரை முன்வரிசையில் பார்க்க முடியாது. பந்தி நடக்கும் கூடத்தில் எத்தனை மின்விசிறி ஓடுகிறது என்று அண்ணாந்து நிற்பார். புதாற்றுக் கால்வாய் ஓரம் ஒரு மண்டபம் அவருக்குப் பிடித்துப்போய், எந்தத் தூணில் குலைவாழை கட்டுவது, சாமியார்களுக்குப் பந்தி எங்கே போடுவது என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளைதான் பாக்கி. அதை ஏன் குடிலில் வைக்கவில்லை என்று கேட்டால் முகம் மாறும். "அது ஆசையில்ல சார். கடமை."

போன அக்டோபரில் ஒருநாள், இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, ஜெசிந்தா தான் கன்னியர் மடத்தில் சேரப்போவதாகச் சொன்னாள். படிப்பை முடித்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிற பெண். சொன்னதோடு ஒரு நிபந்தனையும் வைத்தாள். "நீங்க உங்க வாயால போயிட்டு வான்னு சொன்னாத்தான் போவேன்ப்பா. இல்லன்னா போகமாட்டேன்."

"இது என்ன சார் நியாயம்?" என்று மறுநாள் காலை என் வாசலில் வந்து நின்றார். "எதிர்த்துப் பேசினா நானும் எதிர்த்துப் பேசிடுவேன். அனுமதி கேட்டுட்டு அவ பாட்டுக்கு உக்காந்திருக்கா. பொங்கல் கழிச்சு சேரணுமாம். கிறிஸ்துமஸுக்குள்ள பதில் சொல்லுன்னு மடத்து மதர் கேக்கறாங்களாம்."

"நீங்கதானே எல்லாம் துருப் பிடிக்கும்பீங்க" என்றேன்.

"அதயேதான் அவளும் சொல்றா. அது மோட்டாருக்குச் சொன்னது சார்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். ஒரே நாளில் ஆள் பாதியாகியிருந்தார்.

அந்த மாதம் அவர் கட்டிய மோட்டார்கள் ஒழுங்காக ஓடவில்லை. "அண்ணே, சுச்சு போட்டா பின்பக்கமா சுத்துது. தண்ணி வராம மூச்சுதான் வருது" என்று நடராசன் திருப்பிக் கொண்டுவந்தார். இப்படி ஒரு தவறை சிங்கராயர் கடையில் யாரும் கண்டதில்லை. சிங்கராயர் ஒயரை மாற்றிக் கொடுத்தார். "சேசுவே, எனக்கே திசை தெரியல" என்று அவர் முணுமுணுத்ததாக நடராசன் பிறகு டீக்கடையில் சொன்னார்.

கடைசி முயற்சியாக அவர் மடத்துக்கே போனார். போய்வந்த கதையை அவரே சொன்னார். தனக்கு விழுந்த அடியை மறைக்கிற சுபாவம் அவருக்குக் கிடையாது. மதர் எதிரில் உட்கார்ந்து மகளின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்திருக்கிறார். காலையில் எழுப்ப ரெண்டு பேர் வேண்டும். சாம்பார் வைத்தால் அடிப்பிடிக்கும். கோபம் வந்தால் ஒரு வாரம் பேசமாட்டாள்.

"எங்களுக்கும் கோவம் வருங்க" என்றாராம் மதர். பிறகு காபி கொடுக்கச் சொல்லிவிட்டு, "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்டயும் இதெல்லாம் சொல்லுவீங்களா?" என்று கேட்டாராம்.

"காபி நல்லாருந்துச்சு சார்" என்று முடித்தார் சிங்கராயர்.

அமலோற்பவம் மகள் பக்கம். "மாதாகிட்ட கேட்டு வாங்கின புள்ள, அவங்க வீட்டுக்குப் போறேங்குது. நான் என்னத்தச் சொல்ல?" என்பார். சொல்லும்போதே முந்தானை கண்ணுக்குப் போகும். ஜெசிந்தா வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள், வந்தாள். அப்பாவிடம் திரும்பக் கேட்கவே இல்லை. ஒரு தடவை கேட்டிருந்தால்கூட அவர் சண்டை போட்டுத் தெம்பாகியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

டிசம்பர் பிறந்தது. சோபா என் வீட்டுக்கு வந்தது. கூடத்துக் கதவில் போர்வையைக் கட்டி மறைத்துவிட்டு சிங்கராயர் உள்ளே வேலை செய்தார். மனைவிக்கும் அனுமதியில்லை. வாழை நார், கலர்க் காகிதம், சீரியல் லைட் எல்லாம் உள்ளே போவது தெரிந்தது. என்ன உருவாகிறது என்று தெரியவில்லை. அவர் பதில் சொல்லியாயிற்றா என்றும் தெரியவில்லை. சாமியார்கூட அந்தப் பக்கம் போனால் வாசலை எட்டிப் பார்த்தபடி மெதுவாகத்தான் நடந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் குடில் திறந்துவிட்டதாகக் கத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடின. நானும் தெருவைக் கடந்தேன். வாசலில் சிங்கராயர் நின்றுகொண்டிருந்தார். பேண்ட் இல்லை, கைலியும் இல்லை. பட்டுக்கரை வேட்டி, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பக்கத்து ஸ்டூலில் சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, கையில் வெள்ளிப் பன்னீர்ச் சொம்பு. என்மேல் பன்னீர் தெளித்தார்.

"வாங்க சார், வாங்க. வீட்ல யாரும் வரலியா? சாப்டுட்டுத்தான் போகணும்."

குடில் பார்க்க வருகிறவனை எதற்குச் சாப்பிடச் சொல்கிறார் என்று யோசித்தபடி உள்ளே போனேன்.

விமான நிலையம் இல்லை. ஓட்டல் இல்லை. இளையபெருமாள் மருமகனின் கார்கூட இல்லை. கூடத்துப் பாதியையும் அடைத்துக்கொண்டு கல்யாண மண்டபம் ஒன்றே நின்றது. வாசல் தூண்களில் குலைவாழை. மேடையில் ஜரிகைக் காகிதத்தில் மணவறை. பின்னால் பந்திக் கூடம். மேலே வரிசையாகக் குட்டி மின்விசிறிகள், மோட்டார் வைத்து உண்மையாகவே ஓடின. கீழே நிஜ வாழையிலையை விரல்நீளத்துக்கு நறுக்கி விரித்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் துளி உப்பு வைத்திருந்தார். மணமக்கள் பொம்மை இல்லை. மணவறைக்கு எதிரே, விருந்தாளிகள் உட்காரும் இடத்தில், வைக்கோல்மேல் குழந்தை இயேசு படுத்திருந்தார்.

அமலோற்பவம் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உப்பக்கூட வச்சிருக்காரு பாத்தீங்களா" என்றார். குனிந்து அந்த உப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு அதெல்லாம் இல்லை. மின்விசிறியை இன்னும் வேகமாக ஓட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தன.

நான் வெளியே வந்தபோது தெருமுனையில் ஜெசிந்தா வந்துகொண்டிருந்தாள். நடுஇரவுப் பூசைக்குப் பீடம் அலங்கரிக்கப் போயிருந்தவள். கையில் மிச்சப் பூ. வாசலில் அப்பாவின் கோலத்தையும் சந்தனக் கிண்ணத்தையும் திறந்த கதவு வழியாகத் தெரிந்த குலைவாழையையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

"வாங்க சிஸ்டர்" என்றார் சிங்கராயர். குரல் கொஞ்சம் பிசிறியது. "சாப்டுட்டு, நல்லபடியா போயிட்டு வாங்க."

அவளுக்கு அவர் பன்னீர் தெளிக்கவில்லை. சொம்பின் மூடியைத் திருகிக் கழற்றி, உள்ளே இருந்ததை எல்லாம் அவள் உச்சந்தலையில் ஊற்றிவிட்டு, கைகூப்பினார்.