சம்பந்திகளுக்குள் சண்டை மூட்டிய தொடர்

தென்கொரியாவின் மொக்போ துறைமுகத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் சாலையில் ஒரு பொதுக் குளியலகம் இருக்கிறது. அங்கே பெண்கள் பக்கத்தில் உடம்பு தேய்த்துவிடும் வேலை பில்சுன்னுக்கு. கறுப்பு உள்ளாடையும் கையில் சொரசொரப்பான பச்சைத் துணி உறையுமாக வந்து நின்று அவள் ஒரு தட்டுத் தட்டினால், மேடையில் படுத்திருப்பவள் வங்கி மேலாளராக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் புரண்டு படுக்க வேண்டும். அழுக்கு எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவில் ஆளில்லை. ஆனால் விவரம் தெரிந்த பெண்கள் மேடையில் ஏறுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்வார்கள்.

“அக்கா, நேத்து தொடர்ல ரெண்டு பேரும் சேந்துட்டாங்களா, பிரிஞ்சுட்டாங்களா?”

சேர்ந்திருந்தால் தைரியமாகப் படுக்கலாம். கை பஞ்சு மாதிரி போகும். கடைசியில் தோளில் இரண்டு பிடி இலவசமாகவும் கிடைக்கும். பிரிந்திருந்தால் முதுகில் சட்டை பட்டாலே எரியும். ஒருமுறை நாயகனுக்கு நினைவு தப்பிப்போன வாரத்தில், பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருத்தி ஒரு காலை மட்டும் தேய்த்துக்கொண்டு, இன்னொரு காலோடு ஓடியே போய்விட்டாள்.

பில்சுன்னுக்கு வயது ஐம்பத்தேழு. காதல் தொடர் பார்ப்பதை அவள் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டாள். அம்மா செத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. சடங்குக்கு வந்தவர்களுக்குச் சோறு போடவும் பாத்திரம் கழுவவுமே நேரம் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் மதியம், கூட்டமில்லாத நேரத்தில், உடை மாற்றும் அறைத் தொலைக்காட்சியில் ஏதோ ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் மழையில் ஒரு பெண்ணுக்குக் குடை பிடித்து நடந்தான். அவள் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. அவனுடைய ஒரு பக்கத் தோள் முழுக்க நனைந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் காட்சி. பில்சுன் பெஞ்சில் உட்கார்ந்து, அம்மாவுக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுது தீர்த்துவிட்டாள். அழுது முடித்ததும் நல்ல பசி. இரண்டு வேகவைத்த முட்டை தின்றாள். தொடர்ப் பைத்தியம் அன்றைக்குப் பிடித்ததுதான்.

வீட்டில் அவள் கணவன் மான்சோக் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். தரகர் மூலம் தேநீர்க்கடையில் வைத்துப் பெண் பார்த்த அன்று, மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் “மீன் சாப்பிடுவீங்கள்ல?” என்று கேட்டான். அவர்கள் காதல் கதையின் வசனம் மொத்தமும் அதுதான். அவள் தொடர் பார்க்கும்போது அவன் தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பூண்டு உரிப்பான்.

இப்படியிருக்க, குவாங்ஜூவில் வேலை பார்க்கும் மகள் சேபொம் ஒரு சனிக்கிழமை வந்து, தான் யுன்ஜே என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். பையனின் அப்பா பல் மருத்துவர். சொந்தக் கட்டடம், கீழே மருத்துவமனை, மேலே வீடு. அம்மா கொஞ்சம் கறாரான ஆள் என்று கேள்வி.

பில்சுன்னின் நெஞ்சு திக்கென்றது. கூடவே உள்ளுக்குள் ஒரு குதூகலமும் எட்டிப்பார்த்தது. பணக்காரப் பையன், குளியலகத்துக்காரி மகள், கறாரான அம்மா. இதை அவள் எத்தனை தொடரில் பார்த்திருக்கிறாள்! அடுத்து என்ன வரும் என்று அவளுக்கா தெரியாது? அந்த அம்மா தனியாக அழைப்பாள். வெள்ளை உறையை மேசை மேல் நகர்த்துவாள். ‘இதை வாங்கிக்கிட்டு என் பையனை விட்டுரு’ என்பாள்.

“அம்மா, அவங்க நல்லவங்க. இது தொடர் இல்ல” என்றாள் சேபொம்.

“முதல் ரெண்டு எபிசோட்ல எல்லாரும் நல்லவங்கதான்டி.”

மறுநாள் முதல் உடை மாற்றும் அறையில் ஒத்திகை தொடங்கியது. சம்பந்தியம்மா வேடம் கட்டியவள் கும்ஜா. கல்லாவில் உட்கார்ந்து சாவியும் துண்டும் கொடுப்பவள். பில்சுன்னோடு சேர்ந்து தொடர் பார்ப்பவள். கரண்ட் பில் வந்த உறையை இரண்டு விரலால் பிடித்து, பெஞ்சின் மேல் நகர்த்தினாள்.

“உன் தகுதிக்கு இதுவே அதிகம். எடுத்துக்கிட்டு ஓடிரு.”

பில்சுன் எழுந்து நின்றாள். “என் பொண்ணு மனசுக்கு விலை போட இந்த உலகத்துல இன்னும் காசு அச்சடிக்கல. நீங்களே வெச்சுக்குங்க!”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா உதடு நடுங்கலயே” என்றாள் தலையில் துண்டோடு முட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர். “உதடு நடுங்கலன்னா, தொகை பத்தலன்னு சொல்றதா நெனச்சுக்குவாங்க.”

“தண்ணி ஊத்துனா என்ன செய்வ?” என்ற கும்ஜா, பதிலுக்குக் காத்திருக்காமல் கையிலிருந்த குவளையை அப்படியே முகத்தில் வீசினாள்.

“அடிப்பாவி! சொல்லிட்டு ஊத்தக்கூடாதா?”

“சம்பந்தி சொல்லிட்டா ஊத்துவா?”

நியாயமாகத்தான் பட்டது. இரு வீட்டாரும் சந்திக்கும் நாளன்று பில்சுன் கைப்பையில் மாற்றுச் சட்டை ஒன்றை மடித்து வைத்துக்கொண்டாள்.

மான்சோக் தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தான். நல்ல காரியத்துக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக்கூடாது என்று, புளிக்கவைத்த திருக்கை மீன் ஒரு பெட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் ஏறினான். மூடியையும் மீறி வாசனை மூக்கைத் துளைத்தது. அந்தப் பக்கத்தில் திருக்கை இல்லாமல் கல்யாண விருந்து கிடையாது. பின் இருக்கைப் பெரியவர் எட்டிப்பார்த்து, “கல்யாணமா? நல்லா இருங்க” என்று வாழ்த்தினார். பில்சுன் ஜன்னல் பக்கம் திரும்பி வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள்.

உணவகத்தில் தனி அறை. பையனின் அம்மா சோங்வா எழுந்து குனிந்து வணங்கினாள். பில்சுன் அவள் முகத்தைப் பார்த்தாள். சலவைக்கல் முகம். புருவம் அசையவில்லை, கன்னம் அசையவில்லை. “வாங்க சம்பந்தி, ரொம்ப சந்தோஷம்” என்ற வார்த்தை மட்டும் எங்கிருந்தோ வந்தது. திருக்கைப் பெட்டியைத் திறந்ததும் சாப்பாடு கொண்டுவந்த பெண்ணே மூக்கைச் சுருக்கினாள்; பல் மருத்துவர் “ஆகா!” என்று கையைத் தேய்த்துக்கொண்டார். சோங்வாவின் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

‘தொடர்ல வர்ற அம்மாகூட இவ்வளவு கல்நெஞ்சக்காரி இல்லையே’ என்று பில்சுன் நினைத்துக்கொண்டாள்.

பாதிச் சாப்பாட்டில் சோங்வா சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள். பையைத் திறந்தாள். வெள்ளை உறை ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் மேசை மேல் நகர்த்தினாள்.

“சம்பந்தி, இதை நீங்க வாங்கிக்க…”

பில்சுன் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. “என் பொண்ணு மனசுக்கு விலை போட இந்த உலகத்துல இன்னும் காசு அச்சடிக்கல! நீங்களே வெச்சுக்குங்க!” இந்தத் தடவை உதடு தானாகவே நடுங்கியது. தண்ணீர் வரும் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

தண்ணீர் வரவில்லை. ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். சேபொம் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

“அத்தை,” என்றான் யுன்ஜே மெதுவாக, “அது என் ஜாதகம். நான் பொறந்த தேதியும் நேரமும். நாள் குறிக்கிறது பொண்ணு வீட்டு வழக்கம்னு அம்மாதான் எழுதிக் கொண்டுவந்தாங்க.”

அப்போது சோங்வாவிடமிருந்து விக்கலா விசும்பலா என்று பிரித்தறிய முடியாத ஒரு சத்தம் கிளம்பியது. தோள் குலுங்கியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. முகம் மட்டும் அதே சலவைக்கல்.

“என்னங்க, உடம்புக்கு என்ன?” என்று பதறினாள் பில்சுன்.

“சிரிக்கிறேன் சம்பந்தி! சிரிப்புதான் வருது, மூஞ்சிதான் வரமாட்டேங்குது. பொண்ணு வீட்டுக்காரங்க பாக்க வர்றாங்களே, கடுகடுன்னு தெரியக்கூடாதேன்னு சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கிட்டேன். ஊசி போட்ட பாவி அளவுக்கு மேல போட்டுட்டான். நாலு நாளா இப்படித்தான் இருக்கேன்.” துடைத்துக்கொண்டே முன்னால் சாய்ந்தாள். “இருங்க, அந்த வசனம் நூடுல்ஸ் கடைப் பொண்ணோட அம்மா சொல்றதுதானே? கப்பல் கம்பெனி வீட்டுல?”

பில்சுன் நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்தாள். “நீங்களும் அதைப் பாக்குறீங்களா?”

“பாக்குறதாவது! ஒவ்வொரு எபிசோடும் மூணு தடவை.”

இரண்டு பெண்களும் மேசைக்கு மேல் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். எல்லாம் சுபமாக முடிந்திருக்கும், பில்சுன் அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால்.

“அந்தக் கப்பல்காரப் பையன் மழையில ஓடிவந்தானே, நான் அப்படியே உருகிப்போயிட்டேன் சம்பந்தி. அவளுக்கு அவன்தான்.”

சோங்வா கையை உருவிக்கொண்டாள். “அவனா? அந்தத் திமிர் பிடிச்சவனா? மாட்டு டாக்டர் இருக்கும்போதா?”

“மாட்டு டாக்டர் ரெண்டாவது ஆள்தானே. கதாநாயகி அவருக்கா கிடைப்பா?”

“ரெண்டாவது ஆள்னா மனுஷன் இல்லையா?”

“ஆறு தெரு ஓடினான் சம்பந்தி, செருப்பு இல்லாம!”

“ஓடினான். ஓடிவந்து என்ன கேட்டான்? ‘ஏன் போனை எடுக்கல’ன்னு கேட்டான். டாக்டர் என்ன கேட்டார்? ‘சாப்பிட்டியா’ன்னு கேட்டார்!”

பல் மருத்துவர் ஓசைப்படாமல் திருக்கைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சேபொம் யுன்ஜேயைப் பார்த்தாள். யுன்ஜே கதவைப் பார்த்தான். சத்தம் கூடிக்கொண்டே போனது. டாக்டரின் அருமை தெரியாத வீட்டில் சம்பந்தம் வைப்பது யோசிக்க வேண்டிய விஷயம் என்ற அளவுக்குச் சோங்வா போய்விட்டாள்.

“சாப்பிட்டியான்னு எவன் வேணும்னாலும் கேப்பான்!” என்று பில்சுன் மேசையைத் தட்டினாள். “எங்க வீட்டுக்காரர்கூடத்தான் தினமும் கேக்குறார். அதுக்காக அவர் பின்னாடி வயலினா வாசிக்கிறாங்க?”

எல்லோரும் மான்சோக்கைப் பார்த்தார்கள். அவன் வாயில் இருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

“ஒம்பதாவது எபிசோட்ல,” என்றான், “டாக்டர் கஞ்சி வாங்கிட்டுப் போனார். அந்தப் பொண்ணு மேசையிலயே தூங்கிட்டா. அவர் எழுப்பல. ஆறிடாம மூடி வெச்சாரு. வாசல்ல கிடந்த நாய் மேல தன் கோட்டப் போத்திட்டுப் போயிட்டாரு. காலையில அவ கேட்டப்பக்கூட, ‘நான் வரலையே’ன்னுட்டாரு.”

பில்சுன் அவன் பக்கம் திரும்பினாள். “சேபொம் அப்பா… நீங்க அதைப் பாத்தீங்களா?”

“ஜன்னல் கண்ணாடியில தெரியும்ல. இடது வலது மாறித் தெரியும், அவ்வளவுதான்.”

“திரும்பி உக்காந்து பாத்தா என்ன?”

“நீ அழுவ. நான் இருக்கேன்னு தெரிஞ்சா அடக்கிக்குவ.” அவன் மறுபடியும் குச்சியை எடுத்துக்கொண்டான். “அழுதா உனக்கு நல்லாப் பசிக்கும். அதான் பூண்டு உரிச்சுக் குழம்பு வெக்குறது.”

சோங்வாவின் அசையாத கன்னத்தில் மறுபடியும் தண்ணீர் இறங்கியது. இந்தத் தடவை சிரிப்பில்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது. “டாக்டர் கட்சி” என்று அவள் மான்சோக்கைக் காட்டிப் பல் மருத்துவரிடம் சொன்னாள். “பாத்துக்குங்க.”

ஊர் திரும்பும் பேருந்தில் பில்சுன்னுக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. முப்பது வருஷமாக இரண்டாவது ஆளோடுதான் குடும்பம் நடத்தியிருக்கிறோமா? இது தெரியாமல் ஊரிலுள்ள முதுகையெல்லாம் கப்பல்காரனுக்காகத் தேய்த்துத் தள்ளியிருக்கிறோமே! பக்கத்தில் மான்சோக் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். அவள் மாற்றுச் சட்டையை எடுத்துச் சுருட்டி அவன் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் செருகினாள்.

அந்த மாதக் கடைசியில் தொடர் முடிந்தது. நூடுல்ஸ் கடைக்காரி கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் முதல் சோங்வா போனை எடுக்கவில்லை. மண்டபம் பார்க்க வேண்டும், துணி எடுக்க வேண்டும், சேபொம் தவித்துப்போனாள். “அம்மா, நீ ஜெயிச்சுட்டல்ல? நீயே போய் ஆறுதல் சொல்லு.”

பில்சுன் குவாங்ஜூவுக்குப் போனாள். கதவைத் திறந்த சோங்வாவின் முகம் இப்போது கொஞ்சம் அசைந்தது, அழுது வீங்கியிருந்தது.

“சம்பந்தி,” என்றாள் பில்சுன், செருப்பைக்கூடக் கழற்றாமல். “கடைசிக் காட்சியில எல்லாரும் கல்யாணத்துக்குப் போறாங்க. டாக்டர் மட்டும் எதிர்ப்பக்கமா நடந்து போறாரு. எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்ல. அந்த மனுஷன் அன்னைக்குச் சாப்பிட்டிருக்க மாட்டார்.”

சோங்வா அவளைக் கட்டிக்கொண்டாள். இருவருமாக டாக்டருக்காக ஒருமுறை நன்றாக அழுதுவிட்டு, குளிர்ந்த நூடுல்ஸ் வரவழைத்துச் சாப்பிட்டு, மண்டபத்துக்குப் போன் போட்டார்கள்.

கல்யாணம் இலையுதிர்காலத்தில் நடந்தது. சடங்குப்படி இரண்டு அம்மாக்களும் மெழுகுவத்தி ஏற்ற ஒன்றாக நடந்து வந்தார்கள். பில்சுன் இளஞ்சிவப்பிலும் சோங்வா வானநீலத்திலும் அடுக்குப் பாவாடை உடுத்தியிருந்தார்கள். நடந்துகொண்டே ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொல்லிக்கொண்டதைப் பார்த்து, முதல் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்பந்திகள் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

முந்தின நாள்தான் ஒரு புதுத் தொடர் ஆரம்பித்திருந்தது. அதில் வரும் பியானோ வாத்தியாரை நம்பலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. சோங்வா நம்பக்கூடாது என்றாள். பில்சுன் இன்னும் ஒரு எபிசோட் பொறுத்துப் பார்க்கலாம் என்றாள். பேச்சு மும்முரத்தில் இருவரும் மேடையைத் தாண்டிப் போய்விட, மெழுகுவத்தியோடு நின்ற பெண் ஓடிவந்து திருப்பி அழைத்துக்கொண்டு போனாள்.