அவர் ஆசையாக வாங்கிய சிம்

என் மகளுக்கு அந்த ஆன்லைன் வகுப்பு கிடைத்த அன்று, என் வீட்டுக்காரர் தெருவில் பார்த்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். ஹைதராபாத் சனத்நகரில் ஒரு எஞ்சினியரிங் ஒர்க்ஸில் லேத் ஓட்டுகிறவர். அவரை நாலு வார்த்தை பேசவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். அப்படிப்பட்ட மனுஷன் பால்காரர், இஸ்திரி போடுகிறவர், கீழ்வீட்டுத் தெலுங்குக்காரம்மா என்று ஒருத்தரையும் விடவில்லை.

பின்னே, லேசில் கிடைக்கிற இடமா அது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு பெரிய கல்லூரி நடத்துகிற கணக்கு வகுப்பு. பள்ளிப் பாடத்தைத் தாண்டி, ஞாயிறுதோறும், போனிலேயே நடக்கும். பரீட்சை வைத்துத்தான் எடுப்பார்கள். முழுதாக முடித்தால் கோடை விடுமுறையில் அந்தக் கல்லூரியிலேயே தங்கிப் படிக்கலாம். பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் மகளுக்கு அங்கே போய்த் தங்குவதில்தான் உயிர். "சுவர் முழுக்க போர்டு இருக்குமாம் மம்மி, எழுதிட்டே போலாமாம்" என்பாள். கணக்கென்றால் அவளுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். எங்கிருந்து வந்ததோ இந்தப் புத்தி, என் வீட்டிலும் கிடையாது, அவர் வீட்டிலும் கிடையாது.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது அவர் புது சிம் போட்டுக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப் பக்கம் குடையை விரித்து உட்கார்ந்திருப்பார்களே, அவர்களிடம் வாங்கியது. "பழசுல நெட் பத்தாது கண்ணு. இதுல படம் நிக்காம ஓடுமாம். நாலு பேரை விசாரிச்சுத்தான் வாங்குனேன்" என்று போனை மகளிடம் நீட்டினார். "டாடி, சூப்பர்!" என்று அவள் கட்டிக்கொண்டாள். நானும்தான் பூரித்துப்போனேன். எங்கள் மாதிரி வீடுகளில் நம்பர் மாறுவதெல்லாம் ஒரு விஷயமா? எந்தக் கம்பெனி ஆஃபர் விட்டாலும் அதற்குத் தாவுவோம். நாங்களாகக் கூப்பிட்டால்தான் சொந்தக்காரர்களுக்கே புது நம்பர் தெரியும். பள்ளியில் இந்த வகுப்புக்காகப் பழைய நம்பரைக் கொடுத்திருக்கிறோமே என்பது எங்கள் மூன்று பேரில் ஒருத்தர் மண்டைக்கும் எட்டவில்லை.

வகுப்பில் சேர்வதற்கான லிங்க் அந்தப் பழைய நம்பருக்குப் போனது. நாங்கள் புது நம்பரை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவர் படியேறும் சத்தம் கேட்டாலே அவள் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கிப் பார்ப்பாள். "வரும் கண்ணு, பெரிய இடம், மெதுவாத்தான் அனுப்புவாங்க" என்பார். கடைசியில், ஏன் சேரவில்லை என்று கணக்கு டீச்சர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பாவம் அந்த டீச்சர், கல்லூரிக்குப் போன் போட்டு அவ்வளவு கெஞ்சினாராம். குறித்த நாளுக்குள் வராததால் இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டார்கள்.

மகள் இதைச் சமையலறையில் வைத்து என்னிடம் சொன்னாள். அவள் அழவில்லை. நான்தான் "வரட்டும் இன்னைக்கு அந்த மனுஷன்!" என்று கரண்டியை வீசினேன். சட்டென்று என் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள்.

"டாடிகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு மம்மி. எவ்ளோ ஆசையா வாங்கிட்டு வந்தார். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்."

பெற்ற பிள்ளையின் தலைமேல் கை. நான் என்ன செய்வேன்? பண்ணிவிட்டேன்.

அவர் வந்ததும் அவளே ஆரம்பித்தாள். "டாடி, அந்த க்ளாஸ் எனக்கு நக்கோ, வேணாம். ஒரே போர்."

"கைக்கு? ஏன், நல்லாத்தானே இருந்தே?"

"எனக்குக் கணக்கே பிடிக்கல டாடி."

"ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தேனேடி! அவ்ளோ திமிரா உனக்கு? லேத்துல நின்னு பார்த்தாத்தான் படிப்போட அருமை தெரியும்!" என்று கத்தினார். அத்தனை திட்டையும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாளாக ஆக அவர் கோபம் போய்விட்டது, ஆனால் அவள் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிட்டார். பத்தாவது முடிந்து ஜூனியர் காலேஜில் சேர்க்கப் போனோம். கவுன்டரில் இருந்தவர் என்ன குரூப் என்று கேட்டார்.

"காமர்ஸ் போடுங்க சார். பிள்ளைக்குக் கணக்குப் பிடிக்காது" என்றார் இவர். குரலில் கோபமே இல்லை. மகள் மனசுப்படிதான் செய்கிறோம் என்று அவருக்கு ஒரு திருப்தி. கவுன்டர்காரர் அவளைப் பார்த்தார்.

"ஹவ் சார்" என்று ஆமோதித்துத் தலையாட்டினாள் என் மகள்.

அவ்வளவுதான். சத்தியமாவது மண்ணாவது! பின்னால் வரிசை நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல் அத்தனையையும் கொட்டித் தீர்த்துவிட்டேன். "ஏன் மம்மி?" என்று மட்டும் கேட்டாள் அவள். மேத்ஸ் குரூப்பில் இடம் இருந்தது, சேர்த்துவிட்டோம். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று அவர் கேட்டார், காட்டிய பிறகு மறுபடியும் கேட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தவர், பாலாநகரில் இறங்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவில்லை.

சொன்னது தப்பு என்று நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அந்த மனுஷனைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை. இப்போதெல்லாம் போனில் எது வந்தாலும் தானாகத் தொடுவதில்லை. கரண்ட் பில்லோ, கேஸ் சிலிண்டரோ, போனை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவள் படிக்கிற இடத்துக்கு வந்து நிற்கிறார். நேற்றும் வந்து நின்றார்.

"கண்ணு, ஏதோ அப்டேட்டுன்னு கேக்குது."

"அமுக்குங்க டாடி" என்றாள் அவள், புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவர் அமுக்கவில்லை. விரலைத் திரைக்கு மேலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"அமுக்குனா உனக்கு எதுவும் போயிடாதே?"