பதினேழு ஞாயிறும் ஒரே மழை

சுவீடனில், மால்மோ நகரில் நான் சேர்ந்திருக்கும் சங்கத்தில் வியாழக்கிழமை சாயங்காலங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து இருமல் கேட்போம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு அறை, நல்ல ஸ்பீக்கர் இரண்டு, ஏலக்காய் போட்ட பன், ஆளுக்கொரு காப்பி. எப்போதோ ஏதோ ஒரு ஓட்டல் மேடையில் வாசித்த ஜாஸ் கச்சேரியின் பழைய ஒலிப்பதிவைப் போடுவார்கள். நம் ஊராக இருந்தால் பாட்டு முடிந்ததும் ஆகா என்று தலையை ஆட்டுவோம். இவர்கள், "மறுபடி போடு, இரண்டாவது நிமிடத்தில் ஒருவர் இருமினாரே" என்பார்கள். போன மாதம் கேட்ட வேறொரு பதிவிலும் அதே ஆள் அதே மாதிரி இருமியிருக்கிறார், ஆகவே இரண்டும் ஒரே நாள் கச்சேரி, உறையில் அச்சடித்த தேதி தப்பு. இப்படி ஒரு தேதியைத் திருத்திவிட்டால் அன்றைக்கு அவர்களுக்குப் பண்டிகைதான். கோயமுத்தூரில் கச்சேரி நடுவே இருமினால் முன்வரிசைக்காரர் திரும்பி முறைப்பார். இங்கே அந்த இருமல்காரர் செத்து நாற்பது வருடம் கழித்தும் அவரைக் கொண்டாடுகிறார்கள்.

இருமல் இலாகா லென்னார்ட்டுடையது. ஓய்வு பெற்ற ஒலிப்பதிவாளர். வாரத்துக்கு மொத்தமாக இருபது சொல் பேசினால் அதிகம். படங்களுக்குப் பொறுப்பு பிர்கித்தா, எழுபது வயது, முன்னாள் பள்ளி ஆசிரியை. பழைய இசைக்காரர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, மைக்கின் வடிவத்திலிருந்தும் கோட்டுக் காலரிலிருந்தும் வருடத்தைச் சொல்வார். அந்தக் காலத்தில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிடும் தப்பு நிறைய நடந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. டிரம்பெட்டை இடது கை தாங்கும், வலது கை விரல்கள் மேலே இருக்கும் மூன்று வால்வுகளை அழுத்தும். உலகம் முழுக்க அப்படித்தான். படத்தில் இடது கை வால்வின் மேல் இருந்தால் பிர்கித்தா பென்சிலால் பின்னால் எழுதிவிடுவார்: திருப்பிப் போட்ட படம்.

நான் பம்ப் வடிவமைக்கும் பொறியாளர். கோயமுத்தூர்க்காரி பம்ப் செய்ய சுவீடன் வரை போக வேண்டுமா என்று கேட்காத உறவினர் இல்லை. போய் நான்கு வருடம் ஆகிறது. அம்மா அதற்கு முன்பே இறந்துவிட்டார். போத்தனூர் வீட்டில் அப்பா தனியாக. உங்களில் இப்படித் தனியாக யாரையாவது விட்டுவிட்டுப் போனவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எந்த வேலையில் இருந்தாலும் ஒரு காது போனிலேயே இருக்கும். ஊர் எண்ணிலிருந்து இரண்டு தடவை தொடர்ந்து அழைப்பு வந்தால் கையிலிருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். எடுத்தால், "சும்மாதான் கூப்ட்டன் அம்மணி" என்பார் அப்பா. திட்டிவிட்டு வைப்பேன்.

அப்பா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். பட்டறை பேண்டில் டிரம்பெட் ஊதுவார். அந்த நாளில் போத்தனூர் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் கிறிஸ்துமஸ் நடனம் வைப்பார்கள். அவர்களுடைய டிரம்பெட்காரர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார் என்று ஒரு வருடம் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அப்புறம் பல வருடம் அவர்தான். அதற்கு ஜாஸ் என்று பெயர் என்பது அவருக்கு வெகுநாள் தெரியாது, "டான்ஸ் பாட்டு" என்றுதான் சொல்வார். காங்கேயம் பக்கத்துப் பங்காளிகளுக்கோ மானம் போயிற்று. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "ஏப்பா, காடு தோட்டம் வெச்சிருக்கற குடும்பத்துல பொறந்துபோட்டு பீப்பீ ஊதீட்டுத் திரியறயே, அடுத்த முகூர்த்தத்துக்கு எந்த மண்டபம்?" என்பார். அப்பா சிரிப்பார். இரவல் கோட்டில் மேடையோரம் நிற்கும் ஒரு படமும், யாரோ பதிவு செய்து கொடுத்த ஒரு கேசட்டும் பீரோவில் இருந்தன. கேசட்டைப் போட்டால் ஆட்டக்காரர்களின் செருப்புச் சத்தம்தான் முதலில் கேட்கும்.

சங்கத்தில் சேர்ந்த புதிதில் அந்தப் படத்தையும் கேசட்டின் நகலையும் காட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. செருப்புச் சத்தத்தை வைத்துத் தரை மரமா சிமெண்டா என்று அரைமணி நேரம் வாக்குவாதம். பிர்கித்தா கோட்டைப் பார்த்து, "இது இவருடையது இல்லை" என்றார். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அதைக் கேட்ட அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பாட்டு ஊதி வாட்ஸ்அப்பில் அனுப்ப ஆரம்பித்தார். நான் அதைச் சங்கத்துக் குழுவில் போட்டுவிடுவேன். நானே முழுதாகக் கேட்டேனா என்றால், இல்லை. பஸ்ஸில் பத்து வினாடி கேட்டுவிட்டு ஒரு இதயப் படம் அனுப்புவேன். பொங்கலுக்குப் பிறகு, போனில் மைக் கெட்டுவிட்டது, இனி மெசேஜ்தான் என்று எழுதினார். சரி என்றேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் அது வசதியாக இருந்தது. மைக் கெட்ட போனிலிருந்து பாட்டு மட்டும் எப்படி வருகிறது என்று ஒரு பொறியாளருக்குத் தோன்றவில்லை.

மாசி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் லென்னார்ட் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். அதுவே அபூர்வம். "உங்கள் அப்பா கெட்டிக்காரர். தீபாவளி என்று சொன்னீர்களே, அதற்குப் பிறகு வந்த பதினேழு பதிவும் ஒரே நாளில் செய்தவை" என்றார். ஒவ்வொன்றிலும் ஐந்து வினாடியைப் போட்டுக் காட்டினார். அதே மின்விசிறி, அதே இடைவெளியில் டக் டக். பின்னால் அதே மழை, ஓட்டிலிருந்து வாளியில் சொட்டும் அதே சொட்டு. எல்லோரும் கைதட்டினார்கள். பதினேழு வாரத்து வேலையை ஒரு மத்தியானத்தில் முடித்த மனிதர் என்று ஒருவர் காப்பிக் கோப்பையை உயர்த்தினார். நானும் சிரித்தேன். ஆனால் மாசி வெயிலில் போத்தனூரில் ஏது மழை? அந்தச் சத்தத்தை நானும் கேட்டிருந்தேன். மால்மோவில் எப்போதும் தூறிக்கொண்டே இருப்பதால் மழை என் பஸ் ஜன்னலில்தான் என்று நினைத்துவிட்டேன்.

சோம்பேறித்தனம்தான், வேறென்ன என்று என்னை நானே சமாதானப்படுத்திக் கொண்டிருந்தபோது பிர்கித்தா திரையில் ஒரு படத்தைப் போட்டார். பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்ட இன்றைய படம் ஒன்று வேண்டும் என்று இரண்டு வாரமாக அவர் கேட்க, நானும் அப்பாவை நச்சரித்து, அன்று காலைதான் வாங்கி, சரியாகக்கூடப் பார்க்காமல் அனுப்பியிருந்தேன். நாற்காலியில் அப்பா, உதட்டில் டிரம்பெட், மடியில் துண்டு. பிர்கித்தா உடனே, "திருப்பிப் போட்ட படம். பாருங்கள், இடது கை வால்வில் இருக்கிறது. போன் கேமராக்கள் செய்யும் வேலை" என்று, சரிசெய்ய மவுஸைத் தொட்டார்.

"வேண்டாம்" என்றேன். எழுந்து திரைக்கு அருகே போனேன்.

அப்பாவின் தலைக்குப் பின்னால் ஆணியில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. யாரோ கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்தது. அதில் சிவப்பு மையில் மணமக்களின் பெயர்கள், வளைவாக. அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது ஒரு பூ வேலைப்பாடு. எனக்கு மட்டும் எழுத்து. இடமிருந்து வலமாக, ஒரு எழுத்தும் மாறாமல், நேராக இருந்தது. படம் திரும்பவில்லை. அப்பா இடது கையாலேயே டிரம்பெட்டைத் தாங்கி, இடது கை விரல்களையே வால்வில் வைத்திருந்தார். வலது கை துண்டுக்கு அடியில் இருந்தது.

"என்ன ஆயிற்று?" என்று பிர்கித்தா கேட்டார். "எழுத்து நேராக இருக்கிறது" என்றேன். அவர் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாக நினைத்து, "பிரமாதம்! அப்படியானால் அவர் இடது கைக்காரரா?" என்றார். மாடிப்படி ஏறி வெளியே வந்துவிட்டேன். தெருவில் நின்று பக்கத்து வீட்டு சாந்தாமணி அக்காவுக்கு அடித்தேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று.

அக்கா என் குரலைக் கேட்டதும் அழுதுவிட்டார். "கோவிச்சுக்காத கண்ணு. பொங்கல் முடிஞ்சு மூணா நாளு, பல்லு வெளக்கீட்டிருந்தவரு அப்படியே சரிஞ்சுபோட்டாரு. நாங்கதான் ஆஸ்பத்திரில சேத்துனம். வாய் கோணுனது பத்து நாள்ல நேராயிருச்சு, பேச்சும் பரவால்ல. சோத்துக் கையிதான் இன்னும் வரமாட்டீங்குது."

"ஏங்க்கா எனக்குச் சொல்லல?"

"என்ற தலைல கைய வெச்சு சத்தியம் வாங்கிப்போட்டாரு. அம்மணிக்குக் காயிதம் வர்ற நேரம், இப்பக் கெளம்பி வந்தா திருப்பி உள்ள உடமாட்டாங்கன்னு. தீவாளி மழையில ஊட்டுக்குள்ளயே கெடந்தப்ப இருவது பாட்டு ஊதி வெச்சிருக்கறாராமா. இன்னும் மூணு பாக்கி இருக்குது, அது தீர்றதுக்குள்ள கையி வந்துரும்னு சொல்லீட்டிருந்தாரு."

இன்னும் மூன்று வாரம் நான் இதயப் படம் அனுப்பியிருப்பேன் என்ற நினைப்பு இப்போதும் என்னைக் கொல்கிறது.

காயிதம் என்று அக்கா சொன்னது என் வதிவிட அனுமதி. நீட்டிக்கக் கேட்டு ஐந்து மாதமாகிறது, முடிவு வரவில்லை. நிலுவையில் இருக்கும்போது நாட்டை விட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். திரும்பி வர முடியுமா என்பதற்குத்தான் யாரும் பொறுப்பில்லை. எங்கள் கம்பெனி அலுவலகத்தில் இதையெல்லாம் பார்க்கும் யோஹான்னா, "முடிவு வந்தவுடன் கூப்பிடுகிறேன். ஆனால் எது வரும் என்று என்னால் சொல்ல முடியாது" என்றாள். நிராகரித்தால் வேலை, வீடு, நாலு வருடம் எல்லாம் அங்கேயே நின்றுபோகும்.

மறுநாள் பிர்கித்தா என் வீட்டுக்கே வந்தார். நடந்ததைச் சொன்னேன். "அப்பா உன்னை வரச் சொன்னாரா?" என்று கேட்டார். இல்லை, வராதே என்கிறார் என்றேன். "அப்படியானால் அவருக்கு நீ வருவதில் விருப்பமில்லை. அதை மதிக்க வேண்டும் அல்லவா?" அன்பாகத்தான் கேட்டார். அவருடைய நாட்டில் வராதே என்றால் வராதே. எங்கள் ஊரில் அதைச் சொல்கிறவர் குரலையும் கேட்க வேண்டும். அதை எந்த மொழியில் சொல்வது என்று தெரியாமல் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அப்பாவின் குரலை அன்று காலைதான் ஆறு வாரத்துக்குப் பிறகு கேட்டிருந்தேன். நாக்கு தடிப்பாக இருந்தது. "வந்துபோடாத கண்ணு. காயிதம் வரட்டும். எனக்கொண்ணுமில்ல" என்றார். கண்ணு என்ற சொல்லுக்கு அவருக்கு இரண்டு முறை முயற்சி தேவைப்பட்டது. அன்றைக்கே டிக்கெட் போட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். விமானம் கோயமுத்தூரில் இறங்கும்வரை பயந்துகொண்டேதான் இருந்தேன், அங்கே போனால் என்ன பார்க்கப் போகிறேனோ என்றும், மால்மோவில் எதை இழக்கப் போகிறேனோ என்றும்.

இதைப் போத்தனூர் வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். வந்து பதினொரு நாள். என்னைப் பார்த்ததும் அப்பா, "சொன்னாக் கேக்கறயா நீயி" என்று கோபித்துக்கொண்டார், அப்புறம் இடது கையால் என் பையைத் தூக்கப் பார்த்தார். தினமும் பயிற்சி கொடுக்க ஒருவர் வருகிறார். வலது கை விரல்கள் கொஞ்சம் மடங்குகின்றன, விரிவதில்லை. மூளை ரத்தக் குழாயில் மறுபடி அடைப்பு வராது என்று எந்த டாக்டரும் உறுதி சொல்வதில்லை. அப்பா குளியலறையில் ஒரு நிமிடம் கூட எடுத்துக்கொண்டால் நான் கதவைத் தட்டுகிறேன். "உசுரோடதான் இருக்கறன்" என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது.

நேற்று மத்தியானம் டிரம்பெட்டை எடுக்கச் சொன்னார். இடது கையால் தாங்கினார், அது எப்போதும் தாங்குகிற கைதான். "நீயி அமுத்து" என்றார். நோட்டில் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே எந்த வால்வு என்று இடது கையால் கோணல்மாணலாக எண் போட்டு வைத்திருந்தார். அவருடைய வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்து என் மூன்று விரல்களை வால்வுகள் மேல் வைத்தேன். அவர் ஊத, நான் அழுத்த, முதலில் யானை பிளிறியது போல ஒரு சத்தம் வந்தது. மதில் மேல் சாந்தாமணி அக்காவின் தலை தெரிந்தது. மூவரும் சிரித்தோம். நாலாவது தடவை இரண்டு வரி ஒழுங்காக வந்தது. மூன்றாவது வரியின் கடைசியில் ஒரு நீளமான சுரம். முதல் இரண்டு வால்வுகளையும் அழுத்தியே வைத்திருக்க வேண்டும், விரலை எடுத்தால் சுரம் மாறிவிடும்.

அந்த நேரம் பார்த்து மேஜையில் போன் அதிர்ந்தது. யோஹான்னா. அப்பாவும் பார்த்தார். அவர் கண் போனுக்குப் போய் என்னிடம் திரும்பியது, ஆனால் உதட்டை எடுக்கவில்லை, அவ்வளவு மூச்சு அவரிடம் மிச்சமிருந்தது என்று எனக்குத் தெரியாது. போன் நகர்ந்து நகர்ந்து மேஜை ஓரத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் இரண்டு விரலையும் அழுத்திப் பிடித்தபடி, அவர் முடிக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.