ஸ்கொயர் லெக்கில் நின்றவன்

காலை 9.40. மதுரையிலிருந்து வந்த ரயில் திருச்சி ஜங்ஷனில் என்னை இறக்கிவிட்டது. நேராக ஸ்ரீரங்கம் போயிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. பொன்மலை மைதானத்துக்கு ஆட்டோ பிடித்தேன். நான்கு கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய்.

“இன்னிக்கு மேட்ச் ஒண்ணும் இல்லையே சார்,” என்றார் ஓட்டுநர்.

“பழைய மேட்ச் ஒண்ணு இருக்குங்க.”

10.15. மைதானம் நான் நினைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. முப்பத்திரண்டு வருடங்களுக்கு முன் இங்கே நடந்த ஒரு தேர்வு ஆட்டத்தில் நான் ஸ்கொயர் லெக் அம்பயர். ரயில்வே பணிமனை அணியின் வேகப்பந்து வீச்சாளர் தனசேகரன், முதல் ஓவரிலேயே இரண்டு விக்கெட் எடுத்தார். விளையாட்டால் வேலை கிடைத்தவர். மாநில அணி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் கை கொஞ்சம் மடங்கித்தான் வரும். தேநீர் இடைவேளையில் தேர்வாளர் ஒருவர் என்னிடம், “அவன் பால் போடல, எறியறான்,” என்றார். மடங்கிய கை குற்றமில்லை; பந்தை விடும்போது அதை நீட்டினால்தான் குற்றம். சட்டம் எனக்கு மனப்பாடம். தனசேகரன் நீட்டியதை நான் பார்க்கவில்லை. ஆனால் பெரிய மனிதரிடம் நல்ல பெயர் வாங்க ஆசை. தனசேகரன் போட்ட அடுத்த ஓவரில் மூன்று முறை என் கையை நீட்டி ‘நோ-பால்’ என்று கத்தினேன். கேப்டன் அவரிடமிருந்து பந்தை வாங்கிக்கொண்டார். பிறகு எந்த அணியும் அவரை அழைக்கவில்லை. ஓய்வுபெறும்வரை ஃபிட்டராகவே இருந்தார்.

11.30. பாலக்கரை வழியாகக் காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதிக்குப் பின்னால் தனசேகரனின் மாடி வீடு. ஆட்டோவுக்கு இன்னொரு முந்நூறு.

“வாங்க வாங்க, அம்பயர் சார்!”

கூசிப்போனேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார்.

“அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் தப்பு பண்ணேங்க,” என்றேன்.

தனசேகரன் சிரித்தார். “எறியறான்னு சொல்லிட்டாங்க, சரி, எறியற ஆட்டத்துக்கே போவோம்னு பேஸ்பாலுக்குப் போனேன் சார். அங்க பால் எறியறதுக்குப் பிட்சர் தேடிட்டு இருந்தாங்க.”

“அப்புறம்?”

“ரெண்டே நாள். கோச் என் கையைப் புடிச்சு, ‘நீட்டு பாப்போம்’னாரு. நீளல. சின்ன வயசுல விழுந்து எலும்பு கோணலாக் கூடிடுச்சு. ‘இந்தக் கையால எறியவே முடியாதுப்பா’ன்னு அனுப்பிட்டாரு.”

“எறியறாருன்னு ஒரு ஆட்டத்துல அனுப்பினாங்க. எறிய முடியலன்னு இன்னொண்ணுல அனுப்பினாங்க,” என்றார் அவர் மனைவி, என் முகத்தைப் பார்க்காமலே.

அந்தக் காபியை எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

1.10. வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தனசேகரன் பஸ் நிறுத்தம்வரை வந்தார்.

“மன்னிச்சிடுங்க.”

“விடுங்க சார். பாத்துப் போயிட்டு வாங்க.”

ஜங்ஷன் பஸ் வந்தது. நிறுத்தக் கை காட்டினார். முழங்கை பாதியிலேயே நின்றது. அதற்கு மேல் நீளவில்லை. ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன்; அதே கையால் விடைகொடுத்துக்கொண்டிருந்தார். அன்று என் கையை மூன்று முறை நீட்டியவன், அவர் கையை ஒரு தடவை நீட்டச் சொல்லிப் பார்த்திருக்கலாம்.