ஒரே பட்டம், ஐந்து படங்கள்

எண்பதுகளின் நடுவில் செஞ்சிக்கு மாற்றலாகி வந்தபோது வாடகை வீடு கேட்டு ஒருவரிடம் போனேன். பெண்டாட்டியும் பிள்ளைகளும் பாத்திர மூட்டைகளோடு பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தார்கள்.

வீட்டுக்காரருக்கு வெள்ளை மீசை, கசங்காத வேட்டி. கூடத்துச் சுவரில் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சட்டம் போட்ட ஐந்து படங்கள்: நீதிபதி, டாக்டர், வீணை வித்வான், விஞ்ஞானி, கிரிக்கெட் ஆட்டக்காரர். பேசிக்கொண்டே துண்டு நுனியால் ஒவ்வொரு கண்ணாடியாகத் துடைத்தார். ஐவர் பெயருக்குப் பின்னாலும் இருந்தது அவருடைய சாதிப் பட்டம். அது எதுவென்று எழுத மாட்டேன். இன்னும் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன்.

"கிரிக்கெட்காரரு பம்பாயாச்சே, உங்களுக்கு உறவுங்களா?" என்றேன்.

"அவருக்குத் தமிழே தெரியாது சார். பேரு ஒண்ணா இருக்குது இல்ல? அப்பறம் இன்னா, நம்ம ஆளுதான். ஆமா, நீங்க பேருக்குப் பின்னாடி இன்னா போடுவீங்க?"

எங்கள் சாதிக்குப் பட்டம் கிடையாது. தாலுகா ஆபீஸ் சர்ட்டிபிகேட்தான் உண்டு. நாற்பத்தைந்து வயது வாத்தியாருக்கு, பாடம் ஒப்பிக்காத பையனைப் போல முதுகில் வியர்வை ஓடியது.

"பி.எஸ்சி., பி.எட்.," என்று உளறினேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடிக்கும் முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வீட்ட மச்சானுக்குப் பேசியாச்சு சார். தப்பா நெனைச்சுக்காதீங்க."

தெருவரை கூடவே வந்தார். "வெயிலு கொளுத்துது. அந்த ஓரமா நெழல்ல போங்க சார்," என்றார்.

அந்த அக்கறை பொய்யில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நானும் கும்பிட்டு, "நன்றிங்க, நன்றிங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, அவர் காட்டிய நிழலிலேயே நடந்தேன்.